ஆலை வாசலில் கொடி! கடைத்தெருவில் பூட்டு!



விடியற்காலையில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறவர்கள் யார்? ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் வேலை தேடி அலைந்து, கடைசியில் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளை. பக்கத்திலேயே, ஊரில் நிலத்தை அடகு வைத்துவிட்டு வந்த பீகார்க்காரர், ஒடிசாக்காரர். சிப்காட் உருக்காலைகளின் உலை வெப்பத்தில் நிற்கப் போகிறவர்கள் இவர்கள்தாம். ரயிலை விட்டு இறங்கியதும் இவர்கள் முதலில் நிற்பது டீக்கடையில். மாலையில் நிற்பது பிரியாணிக் கடையிலும் செல்போன் கடையிலும். அந்தக் கடைகளில் எத்தனை நம்முடையவை என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே, ஆலை வாசலில் நடப்பது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று எவரும் ஒதுங்கிவிட முடியாது. வேலைக்குப் போகிறவனும் நாம். அவனுக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்கிறவனும் நாம். சின்னதாக ஒரு பட்டறையோ குடோனோ வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவனும் நாம். மூன்று பக்கமும் நின்று பார்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். அது காஞ்சிபுரம் மாவட்டம் ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் எழுதப்படும் தீர்ப்புத்தான் நாளை கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் வாசிக்கப்படும். ஆகவே பார்த்தே ஆக வேண்டும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். சி.ஐ.டி.யு. பின்னால் நின்றது. அக்டோபர் 15 வரை, ஐந்து வாரத்துக்கும் மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களின் சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய் என்றும், அதை மூன்றாண்டுகளில் 36,000 ஆக்கக் கேட்கிறார்கள் என்றும் செய்தி நிறுவனங்கள் எழுதின. சம்பளம் ஒரு கோரிக்கை. ஆனால் சண்டையின் உயிர்நாடி சம்பளம் அல்ல; சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதே.

இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. யார் மீது? முதலில் அரசின் மீது! ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது என்ன மலையைப் பெயர்க்கும் காரியமா? 1926 முதல் இருந்துவந்த சட்டம் அது. மனு சட்டப்படி சரியாக இருந்தால் பதிவு செய்ய வேண்டியது; இல்லையென்றால் காரணத்தை எழுதிக் கையில் கொடுக்க வேண்டியது. இரண்டையும் செய்யாமல் மனுவைக் கிடப்பில் போட்டார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் கெடு விதித்த பிறகுதான், 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது. ஒரு கையெழுத்துக்கு ஏழு மாதம்! ஜூலையிலேயே ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு தாள் போயிருந்தால், செப்டம்பரில் பந்தல் எழுந்திருக்குமா?

வேடிக்கையைப் பாருங்கள். போராட்டத்தின் பின்னால் நின்ற சங்கத்தின் தாய்க்கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தது. ஒரே கூட்டணியின் ஒரு கை பந்தல் போட்டது. இன்னொரு கை, அக்டோபர் 9 அன்று, போலீசை விட்டு அந்தப் பந்தலைப் பிரித்தது. இதைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். தொழிற்சங்கம் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். கட்சியின் கையில் போனால், தேர்தல் நெருங்கும்போது அது ஒரு பாட்டுப் பாடும், தொகுதிப் பங்கீடு முடிந்ததும் வேறு பாட்டுப் பாடும்.

அதற்காகக் கம்பெனி செய்ததெல்லாம் நியாயம் என்று நாம் எழுதவில்லை. தன் ஆலையில் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து பேச வருகிறார்கள் என்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? சங்கத்தை ஒதுக்கிவிட்டு வேறொரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள். எரிகிற நெருப்பில் அது எண்ணெய் ஊற்றியது. 2025 பிப்ரவரியில் நிர்வாகிகள் மூன்று பேரைத் தற்காலிக நீக்கம் செய்ததும் மீண்டும் உள்ளிருப்புப் போராட்டம். மார்ச் மாதம் வரை இழுபறி. பிறகு நடந்தது என்ன? 2025 மே மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில் 18,000 ரூபாய் உயர்வு, முதல் ஆண்டிலேயே 9,000 என்று கையெழுத்தானது. கேட்ட அளவை விடக் குறைவில்லை. கம்பெனியும் மூழ்கிப் போய்விடவில்லை. இதே மேசையை முந்தைய ஆகஸ்டிலேயே போட்டிருக்கக் கூடாதா?

இப்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் கடை வைத்திருக்கும் சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பற்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். மாதம் பிறந்தால் தீரும் கணக்குகள் எத்தனை? ஓர் ஆலை ஐந்து வாரம் நின்றால் முதலில் நிற்பது எது? உங்கள் நோட்டில் வரவுப் பக்கம்! நிரந்தரத் தொழிலாளிக்குப் பின்னால் சங்கம் இருக்கிறது, நிதி வசூல் இருக்கிறது, பிறகு சமரசத்தில் கொஞ்சம் சம்பளமும் வந்துவிடும். பெரிய கம்பெனிக்கு வங்கி இருக்கிறது. அந்த ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்கு யார் இருக்கிறார்கள்? வேன் ஓட்டும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பேச்சுவார்த்தைக்குப் போகும் எந்த அமைச்சரும் இவர்களைக் கூப்பிட்டுக் கேட்டதாகச் செய்தி இல்லை.

இன்னொன்றும் நம் கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி. ஆந்திர எல்லை என்று ஒரு பலகை இருக்கிறதே தவிர, நம் சிப்காட்டிலிருந்து அது ஒரு பஸ் பயணம்தான். சாம்சங்கின் நாட்டுக்காரரும் போட்டிக்காரருமான எல்.ஜி. கம்பெனி, 2025 மே மாதம் அங்கேதான் சுமார் 5,000 கோடி ரூபாயில் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அதற்கும் சுங்குவார்சத்திரம் பந்தலுக்கும் முடிச்சுப் போட நாம் வரவில்லை. ஆனால் முதலீடு செய்ய வருகிறவனுக்கு ஒரு கதவு சரியில்லை என்றால், அரை மணி நேரத் தூரத்தில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது என்பதைச் சங்கத் தலைவர்களும் சரி, கோட்டையில் கோப்பைக் கிடப்பில் போடுகிற அதிகாரிகளும் சரி, மறந்துவிட வேண்டாம்.

ஆலை மூடினால் பழி முழுவதும் சங்கத்துக்கே என்று சொல்கிற முதலாளிமார்களுக்கும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண் பிள்ளைகள், வீதிக்கு வந்தார்கள். அங்கே ஆலையை மூட வைத்தது வேலைநிறுத்தமா? இல்லை. பல ஆயிரம் கோடி ரூபாய் வரி வழக்குகள்! மைக்ரோசாப்ட் கம்பெனிக்கு நோக்கியாவின் செல்போன் தொழில் கைமாறியபோது, வழக்கில் சிக்கிய சென்னை ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேர முடியாமல் தனியே நின்று செத்தது. சட்டமும் வரியும் தெளிவாக இல்லாத இடத்தில் தொழில் நிற்காது.

அரசின் அவசரத்துக்கு வேறோர் உதாரணம். 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தத்தை 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைப்பு. மே 1 அன்று வாபஸ் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். முதலில் கேட்டுவிட்டுச் சட்டம் போடுவதற்குப் பதிலாக, சட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்கள். முதலாளியும் நம்பவில்லை, தொழிலாளியும் நம்பவில்லை.

கொடியில்லாத இடம்

சரி, நம் மாவட்டத்துக்கே வருவோம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர், தங்கியிருந்த இடத்தில் படியிலிருந்து தவறி விழுந்து இறந்து போனார். இழப்பீடு கேட்டு வடமாநிலத் தொழிலாளர்கள் திரண்டார்கள். பேச அவர்களுக்கு ஒரு தலைவர் இல்லை. கேட்க நிர்வாகத்தின் தரப்பில், அவர்கள் பாஷை தெரிந்த ஒரு பொறுப்பாளர் முன்னே நிற்கவில்லை. கூட்டம் கல்லெடுத்தது. காவலர்கள் காயப்பட்டார்கள். கண்ணீர்ப் புகை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 30 அன்று, அதே கடற்கரையில் எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் திட்டக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாம் மாநிலத்தவர். தமிழக அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. பிரதமர் நிதியிலிருந்து இரண்டு லட்சம். அறிக்கைகள் வந்தன. உடல்கள் அசாமுக்குப் போயின. சாம்சங்குக்குப் போட்டதைப் போல் ஒரு பந்தல் எண்ணூரில் எழவில்லை.

தோழர்களைப் பார்த்து நாம் கேட்கிறோம்: 25,000 சம்பளமும் இ.எஸ்.ஐ., பி.எஃப்.பும் உள்ளவனுக்கு ஐந்து வாரப் பந்தல். நியமனக் கடிதம்கூட இல்லாமல் சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு ஒரு நாள் இரங்கல். இது என்ன கணக்கு? நிரந்தரத் தொழிலாளி சந்தா கட்டுவான், இங்கே வாக்காளர் பட்டியலில் இருப்பான். ஒப்பந்தக்காரனின் ஆள் ஆறு மாதத்தில் ஊர் மாறிவிடுவான். அதுதானே காரணம்?

இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியில், 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். உடன் வேலை செய்தவர்கள் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெண் பிள்ளைகள் நள்ளிரவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். எவரும் இறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பொய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? ‘உங்கள் தோழி இன்ன ஆஸ்பத்திரியில் இன்ன வார்டில் இருக்கிறாள்’ என்று உடனே வந்து சொல்ல ஒரு ஆள் இல்லாததால் வந்தது! அந்த ஒரு ஆளின் பெயர்தான் சங்கம். ஆலை சில வாரம் மூடிக் கிடந்து 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. சங்கமே வேண்டாம் என்று நினைக்கிற முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். சங்கம் இல்லாத ஆலை அமைதியான ஆலை அல்ல. பேச்சுக்கு ஆள் இல்லாத ஆலை.

இங்கே ஒரு பழைய கதை. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று நம் பக்கத்து ஊரில்தான் பிறந்தது. 1918 ஏப்ரல் 27, பெரம்பூர், சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணை நின்றார். ஆனால் விதை போட்டவர்கள் யார்? செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு சிறு வணிகர்கள்! பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் இவர்களிடம் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் விடுகிறார்கள் என்று புலம்பினார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் இருவரும் வாடியாவிடம் போனார்கள். கம்பெனி வழக்குப் போட்டு வாடியாவுக்கே தடை வாங்கியது. அந்த அநியாயத்தின் எதிரொலிதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். கடைக்காரனுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற நம் வணிகப் பெருமக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே சங்கத்தின் இன்னொரு பக்கம் கசப்பானது. 1921-ல் அந்த மில்களில் பெரிய வேலைநிறுத்தம். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். விளைவு? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. மில் துரைமார்களின் பங்களாவில் ஒரு ஓடுகூட உடையவில்லை. மோதிக்கொண்டது ஏழையும் ஏழையும். நம் முன்னோர்கள் அதில் ஒரு தரப்பாக இருந்தார்கள் என்பதை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை.

ஏன் இதை இப்போது சொல்கிறோம் என்றால், அன்று நடந்ததன் நிழல் இன்று கும்மிடிப்பூண்டியில் விழுந்து கிடக்கிறது. ‘வடக்கத்தியான் வந்ததால் நமக்கு வேலை போச்சு’ என்று நம் பையன்களே பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயிலேறியவர்களை நாம் பார்த்தோம். நாளை ஓர் ஆலையில் உள்ளூர்த் தொழிலாளி வாசலில் கொடியோடு நிற்கும்போது, ஒப்பந்தக்காரர் வேனில் வடநாட்டு ஆட்களைக் கொண்டு வந்து இறக்கினால் என்ன ஆகும்? நிர்வாகம் குளிர்சாதன அறையில் இருக்கும். அடிபடுகிறவர்கள் இரண்டு பக்கமும் கூலிக்காரர்கள். வதந்தியால் எத்தனை முறை அடிபட்ட சமுதாயம் நாம்! இன்னொருவன் மீது வதந்தி வீசப்படும்போது கை கட்டி நிற்கலாமா?

சமுதாய இளைஞனே, உனக்கு ஒன்று. ஹரியானா மானேசர் மாருதி ஆலையில் 2012 ஜூலை 18 அன்று கலவரம் வெடித்து, மனிதவளப் பிரிவு அதிகாரி ஒருவர் தீயில் மாண்டார். 148 தொழிலாளர்கள் கைது. 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 117 பேர் நிரபராதிகள் என்று விடுதலை. 31 பேருக்குத் தண்டனை. அதில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. விடுதலையானவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் ஜாமீன் இல்லாமல் சிறையில் கிடந்தவர்கள். கூட்டத்தில் நின்ற ஒரு மாலை நேரத்துக்கு இவ்வளவு விலை! உன் பெயர் எப்படிப்பட்டது, போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெயர் எப்படிப் படிக்கப்படும் என்பது உனக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல் எடுக்கும் கையை விட, சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் கைதான் லேபர் கோர்ட்டில் ஜெயிக்கும்.

சட்டமும் மாறியிருக்கிறது, தெரிந்துகொள். 29 பழைய சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புச் சட்டங்களாக்கி 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தக் கணக்கே. முன்னறிவிப்பை நாம் எதிர்க்கவில்லை. பதினான்கு நாள் பேச அவகாசம் கிடைக்கிறதே! ஆனால் ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் எல்லையை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தியிருப்பது நமக்குச் சம்மதமில்லை. கும்மிடிப்பூண்டியின் நடுத்தர ஆலைகளில் எத்தனையோ அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். அதே சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்கு.

கடைசியாக, நம் வணிகர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

சாம்சங்கையும் சி.ஐ.டி.யு.வையும் விமர்சிப்பது சுலபம். நம் குடோனில் என்ன நடக்கிறது? பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்கு இ.எஸ்.ஐ. உண்டு, இருபது பேர் என்றால் பி.எஃப். உண்டு. ‘ஆள் நம்ம ஊர்ப் பையன், நம்ம ஜமாஅத் பையன், அவனுக்கு எதுக்குப் பாய் இதெல்லாம்’ என்று எத்தனை பேர் பதிவேட்டில் ஒன்பது பேரை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்? ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசே சட்டம் போட்டது. எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது? இருந்தால், அதில் உட்காரும் தைரியம் எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குச் செலவழிப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பட்டறையில் விரல் துண்டான பையனுக்கு ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து ஊருக்கு அனுப்பியதும் நம் கூட்டத்தில்தான் நடந்திருக்கிறது. அவன் போய் எந்தக் கொடியைப் பிடித்தாலும் அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

ஒப்பந்தக்காரரிடம் ஆள் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலை வாங்கியவர்தான் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும். பழைய சட்டமும் அதையே சொன்னது, புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ‘அவன் என் ஆள் இல்லை’ என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது.

ஆகவே, அடுத்த சம்பள நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். வருகைப் பதிவேட்டையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீதுகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு, உங்களிடம் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேரை, அவர்களே தேர்ந்தெடுத்த இரண்டு பேரை, எதிரே உட்கார வையுங்கள். டீ சொல்லுங்கள். என்ன குறை என்று கேளுங்கள். ஒருவர் தமிழ்ப் பையனாகவும் ஒருவர் வடநாட்டவராகவும் இருக்கட்டும். பாஷை புரியாவிட்டால் மஹல்லாவில் உருது தெரிந்த ஒரு பெரியவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பீகார்க்காரர் பேசுவது அவருக்குப் புரியும்.